ஓட்டை இல்லாமல் ஓட்டக் கூடாது

சீட்டுக்காரர் தன் மகளுக்கு ஒரு ஹெல்மெட் வாங்க ஏழு வாரம் எடுத்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை பார்க்கக்கூட இத்தனை நாள் ஆகாது" என்றாள் அவர் மனைவி.

"மாப்பிள்ளை சரியில்லேன்னா பொண்ணு வீட்டுக்குத் திரும்பி வந்துடலாம். இது அப்படி இல்லையே" என்றார் அவர்.

சீட்டுக்காரர் என்றதும் சீட்டாடுகிறவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கார், வேன், பஸ் எதுவானாலும் அதன் சீட்டுகளுக்கு உறை தைப்பவர். முப்பது வருஷத் தொழில். எந்த நுரை எத்தனை நாளில் அமுங்கும், எந்தத் தையல் எந்த வளைவில் விட்டுப்போகும் என்பதெல்லாம் அவர் விரலுக்கே தெரியும். தோலில் தப்பான இடத்தில் ஊசி ஒரு குத்து இறங்கிவிட்டால் அந்தத் துண்டை அப்படியே ஒதுக்கி வைத்துவிடுவார். "கண்ணுக்குத் தெரியலைன்னா என்ன? கிழியும்போது அங்கேயிருந்துதான் ஆரம்பிக்கும்" என்பார்.

மகளுக்கு இருபத்திரண்டு வயது. பைக் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை. அங்கே மூலையில் துருப்பிடித்துக் கிடந்த ஒரு நாலு சக்கர பைக்கை, கல்லிலும் சேற்றிலும் மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்குகிற அந்த முரட்டு வண்டியை, ஒன்றரை வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்று அவளே உயிர்ப்பித்தாள். முதல் தடவை ஓட்டிப் பார்க்கப் போனவள் திரும்பி வந்தபோது பல் மட்டும்தான் வெள்ளையாகத் தெரிந்தது. அன்றிலிருந்து ஓட்டுகிற கூட்டத்தில் அவளுக்கு 'சேறு' என்றே பேர். வீட்டில் பாப்பா.

அவள் பந்தயத்துக்குப் பேர் கொடுக்கப்போகிறேன் என்றபோது அம்மா இரண்டு நாள் பேசவில்லை. அப்பா அளவு நாடாவை எடுத்தார்.

நெற்றியைச் சுற்றி அளந்தார். ஐம்பத்துநாலு சென்டிமீட்டர். அதற்கப்புறம் அவர் ஏறி இறங்காத கடை இல்லை. ஹெல்மெட்டைக் கையில் வாங்கினால் முதலில் உள்ளே மோந்து பார்ப்பார். கட்டை விரலால் தெர்மோகோலை அமுக்குவார். தாடைப் பட்டையின் தையலை எண்ணுவார். ஒரு கடையில் உடைந்த பழைய ஹெல்மெட்டைக் கேட்டு வாங்கிவந்து, தோல் வெட்டும் கத்தியால் தர்ப்பூசணி மாதிரி இரண்டாகப் பிளந்து, ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தெருமுனையில் வருவதைப் பார்த்ததும் சில கடைக்காரர்கள் சாப்பிடப் போய்விடுவார்கள்.

ஏழாவது வாரம் கிடைத்தது. வெள்ளை நிறம். அவள் தலையில் மாட்டி, "ஆட்டு" என்றார். ஆட்டினாள். ஹெல்மெட் தனியாக ஆடவில்லை. நெற்றித் தோலோடு சேர்ந்து ஆடியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதைக் கழற்றாமலேயே அன்றைக்கு அவள் வெங்காயம் நறுக்கினாள். "கண்ணு எரியவே இல்லம்மா" என்றாள். இரண்டு நாள் மௌனத்துக்குப் பிறகு இரண்டு மாதமாக முறைப்பிலேயே இருந்த அம்மா அன்றைக்குத்தான் சிரித்தாள்.

ஹெல்மெட்டோடு மார்புக் கவசம், முழங்கால் காப்பு, கணுக்காலைப் பிடிக்கிற பூட்ஸ், தலை பின்னால் மடங்காமல் தாங்குகிற கழுத்துப் பட்டை எல்லாம் சேர்ந்தது. அத்தனையையும் ஒரு பையில் கட்டிக்கொண்டு அப்பாவும் மகளும் சம்மேளனத்துக்குப் போனார்கள். கரடுமுரடுப் பாதை நாற்சக்கர பைக் பந்தயச் சம்மேளனத்தின் பாதுகாப்பு உடுப்புத் தேர்வுக் குழு பார்த்து ஒப்புக்கொள்ளாத எதையும் உடம்பில் போட்டுக்கொண்டு யாரும் ஓட்ட முடியாது.

குழு என்றால் நாலு பேர். தலைவர், எடை அளவு இலாகாவில் தராசுகளுக்கும் படிக்கற்களுக்கும் ஈய முத்திரை போட்டு ஓய்வு பெற்றவர். நாலு சக்கர பைக்கில் அவர் உட்கார்ந்ததில்லை. அது தன் நடுநிலைமைக்குச் சான்று என்று அவரே சொல்வார். அடுத்து செயலாளர். அதற்கடுத்து முத்திரைக்காரர், அதிகம் பேசாதவர். நாலாவது உறுப்பினர் ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சீட்டுக்காரர் அவருக்கும் ஒரு வணக்கம் போட்டார். பதில் இல்லை. துணிக்கடையில் நிற்க வைக்கிற பொம்மை அது.

"அவர்தான் மாதிரியார்" என்றார் தலைவர், எழுந்து நின்று. "பதினாலு வருஷமா எங்க குழுவில இருக்கார். எந்த உடுப்பு வந்தாலும் முதல்ல அவருக்குப் போட்டுப் பார்ப்போம். இன்னிக்கு வரைக்கும் ஒரு சின்ன காயம் உண்டா? கேளுங்க, நீங்களே கேளுங்க."

சீட்டுக்காரர் கேட்கவில்லை.

ஹெல்மெட்டை மாதிரியாருக்கு மாட்டினார்கள். இறங்கவில்லை. செயலாளர் ஒரு பக்கமும் முத்திரைக்காரர் ஒரு பக்கமும் நின்று அமுக்கினார்கள். காதுக்கு மேலேயே நின்றுவிட்டது.

"சின்னது. தள்ளுபடி" என்றார் செயலாளர்.

"என் பொண்ணு தலை சின்னதுங்க. அளந்துதான் வாங்கினேன்."

"விதிப்புத்தகத்துல 'தலை'ன்னு எங்க வந்தாலும் அது இவர் தலைதான். இன்னின்னார் தலை இவ்வளவுன்னு ஆரம்பிச்சா அப்புறம் ஆளுக்கு ஒரு தலைன்னு ஆயிடும்."

"ஆளுக்கு ஒரு தலைதானுங்களே" என்றார் சீட்டுக்காரர்.

இந்த வாதம் குழுவுக்குப் புதிது. ஆலோசிக்க மூன்று வாரம் கேட்டார்கள். மூன்று வாரம் கழித்துப் போனபோது ஹெல்மெட் மாதிரியார் தலையில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. கழற்றியதும்தான் தெரிந்தது, அவருக்கு இரண்டு காதையும் அறுத்திருந்தார்கள். பதிவேட்டில் 'இயற்கைத் தேய்மானம்' என்று எழுதியிருந்தது. காயம் என்று எழுதினால் பதினாலு வருஷப் பெருமை போய்விடும் அல்லவா?

மகள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அப்பாவும் சிரித்துவிட்டுத்தான் நின்றார். அடுத்தது முத்திரை என்று சொல்லி முத்திரைக்காரர் மேஜைக்கடியிலிருந்து டிரில்லை எடுத்தபோது அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"இது எதுக்குங்க?"

"பின்னாடி ஒரு ஓட்டை போட்டு, கம்பி கோத்து, ஈய முத்திரை தொங்க விடணும்."

"ஹெல்மெட்லயா? ஓட்டையா?"

தலைவர் சுவரைக் காட்டினார். அங்கே ஒரு பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: 'ஓட்டை இல்லாமல் ஓட்டக் கூடாது.'

"நானே எழுதினது" என்றார் தலைவர் அடக்கமாக.

சீட்டுக்காரர் தன் வாழ்க்கையில் எந்த அலுவலகத்திலும் மூன்று வாக்கியத்துக்கு மேல் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினார். ஓடு முழுசாக இருந்தால்தான் அடி பரவும் என்றார். ஓட்டை விழுந்த இடத்தில் அடி வந்து கூடும் என்றார். தோலோ, ரெக்சினோ, பிளாஸ்டிக்கோ, எதுவானாலும் குத்தின இடத்திலிருந்துதான் கிழியும் என்றார். முத்திரையை ஒட்டக் கூடாதா, வர்ணத்தில் எழுதக் கூடாதா என்று கெஞ்சினார்.

தலைவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு எழுந்து, மாதிரியாரின் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு பேசினார்.

"ஐயா, நான் முப்பத்திரண்டு வருஷம் படிக்கல்லுக்கு முத்திரை போட்டவன். படிக்கல்லுல ஒரு குழி தோண்டித்தான் ஈயத்தை ஊத்துவோம். குழி தோண்டினா கல்லு எடை குறையுமேன்னு ஒருத்தன் கேட்டான். குறையட்டுமே! முத்திரை இல்லாத சரியான எடையைவிட, முத்திரை உள்ள குறைஞ்ச எடைதான் சட்டப்படி சரியான எடை. அதே மாதிரிதான் இதுவும். ஓட்டை இல்லாத ஹெல்மெட் கெட்டியா இருக்கலாம். ஆனா அது கெட்டின்னு யாருக்குத் தெரியும்? முத்திரை இருந்தாத்தானே தெரியும்? பாதுகாப்பு வேற, பாதுகாப்பா இருக்குன்னு தெரியறது வேற. ரெண்டாவதுதான் எங்க பொறுப்பு."

செயலாளர் கைதட்டினார்.

கழுத்துப் பட்டைக்கு இன்னும் சுருக்கமாக முடிவு சொன்னார்கள். ஹெல்மெட்டின் பின்பக்கம் தொங்குகிற முத்திரையை அது மறைக்கிறது. தள்ளுபடி.

அப்பா ஹெல்மெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். மகள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"வேண்டாம் பாப்பா. இந்தப் பந்தயம் வேண்டாம்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். எதிர்த்துப் பேசியிருந்தால் அவரும் பேசியிருப்பார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "சரிப்பா" என்றாள். அவ்வளவுதான். ஒன்றரை வருஷ ஞாயிற்றுக்கிழமைகளை ஒரு வார்த்தையில் மடித்து வைத்துவிட்டாள்.

அவரால் அதைத் தாங்க முடியவில்லை. திரும்பி உள்ளே போனார்.

"நல்லா அமுத்திப் புடிங்க. ஆடினா ஓட்டை கோணிடும்" என்றார் முத்திரைக்காரர்.

சீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்து, தொழிலில் பழகின பழக்கம், ஹெல்மெட்டை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்தார். டிரில் இறங்கியது. வெள்ளைத் தூள் அவர் மடியில் உதிர்ந்தது. ஓட்டை பென்சில் பருமன். கோணவில்லை.

பந்தயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. மேலே காய்ந்தும் உள்ளே கொழகொழவென்றும் இருந்தது மண். புறப்படும் இடத்தில் செயலாளர் ஒவ்வொருவர் பின்னாலும் குனிந்து முத்திரை எண்ணைப் படித்து அட்டையில் குறித்துக்கொண்டார். தாடைப் பட்டையை இழுத்துப் பார்ப்பவரோ, பூட்ஸ் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பவரோ யாரும் இல்லை. அதற்கு வேறு குழு. அந்தக் குழு இன்னும் அமைக்கப்படவில்லை.

சீட்டுக்காரர் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றார். மகள் முதல் சுற்றில் ஏழாவதாகப் போனாள், இரண்டாவதில் நாலாவது. கடந்து போகும்போது இரண்டு தடவையும் கையை உயர்த்தினாள். மூன்றாவது சுற்றில் மூன்றாம் மேட்டின் உச்சியில் முன்சக்கரம் ஒரு கல்லில் ஏறியது. வண்டி மெதுவாகத்தான் நிமிர்ந்தது. குதிரை எழுந்து நிற்பதுபோல் நின்றது. பிறகு அப்படியே மல்லாக்க விழுந்தது. அவள் கீழே இருந்தாள்.

மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டது.

அவளுடைய சாமான்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். ஹெல்மெட்டும் அதில் இருந்தது. விரிசல் பின்பக்க ஓட்டையில் ஆரம்பித்து, காதைச் சுற்றிக்கொண்டு, நெற்றிவரை போயிருந்தது. சீட்டுக்காரர் அதன்மேல் விரலை வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவிப் பார்த்தார். மனைவி அதைப் பார்த்துவிட்டு அவர் கையிலிருந்து வாங்கி, தன் சேலையில் சுற்றி, பீரோவுக்குள் வைத்தாள்.

பதினெட்டாம் நாள் விசாரணை அறிக்கை தபாலில் வந்தது. ஹெல்மெட்டைக் குழுவிலிருந்து யாரும் வந்து கேட்கவில்லை, பார்க்கவில்லை. பந்தயத் திடலில் செயலாளர் குறித்துவைத்த அட்டையை வைத்து எழுதியிருந்தார்கள். அறிக்கையில் ஒரே ஒரு முடிவு இருந்தது: விபத்துக்குப் பிறகும் முத்திரைக்கு எந்தச் சேதமும் இல்லை, எனவே உடுப்பு தன் கடமையைச் செய்திருக்கிறது.

சீட்டுக்காரர் சம்மேளனத்துக்குப் போனார். சண்டை போடப் போகவில்லை. அவருக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது: இனிமேல் யார் தலையிலும் ஓட்டை வேண்டாம். இதை எழுதிக் கொடுத்தால் போதும் என்று நினைத்தார்.

செயலாளர் புகார்ப் படிவத்தைக் கொடுத்தார். அவர் கோழிக் கிறுக்கலாக நிரப்பி நீட்டினார்.

"கடைசியில கையெழுத்து விட்டுப்போச்சே."

"போட்டிருக்கேனுங்க."

"இது உங்க கையெழுத்து. 'உடுப்பை உபயோகித்தவர் கையொப்பம்'னு போட்டிருக்கு பாருங்க. உபயோகிச்சவங்க போடணும்."

"அவ இல்லீங்க."

"பரவாயில்ல, எப்ப வருவாங்களோ அப்ப வாங்கிட்டு..." என்று ஆரம்பித்த செயலாளருக்குப் பாதியில் ஞாபகம் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டார். மனுஷன்தான் அவரும். ஒரு நிமிஷம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு விதிப்புத்தகத்தைப் புரட்டி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உபயோகிச்சவங்க புகார் கொடுக்கலைன்னா அவங்களுக்குத் திருப்தின்னு எடுத்துக்கணும். முப்பத்தோராவது விதி. நான் எழுதினது இல்லீங்க."

ஜன்னலோரம் மாதிரியார் காதில்லாமல் உட்கார்ந்திருந்தார். அந்த அறையில் தான் சொன்னதைக் கேட்டது அவர் ஒருவர்தான் என்று சீட்டுக்காரருக்குத் தோன்றியது.

இரண்டு மாதம் கழித்துத் தலைவர் வீட்டுக்கே வந்தார். செருப்பை வாசலில் கழற்றி விட்டு, மகளின் படத்துக்கு முன்னால் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றார். நடிப்பில்லை, உண்மையாகவே வருந்தினார். அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

"நீங்க வந்து கேட்டதை நான் மறக்கலை. குழு கூடிப் பேசினோம். இந்தப் பொண்ணு போனது வீணாகக் கூடாதுன்னு எல்லாரும் ஒரே மனசா முடிவு பண்ணினோம்."

சீட்டுக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "ஓட்டையை எடுத்துடப் போறீங்களா?"

"எடுக்கிறதா? உங்க மக பேர்ல இன்னொரு முத்திரை போடப்போறோம். நினைவு முத்திரை. அதுக்குத் தனியா இன்னொரு ஓட்டை. இனி ஒவ்வொரு ஹெல்மெட்லயும் ரெண்டு! முதல் நாள் ரெண்டு ஓட்டையையும் உங்க கையாலயே போடணும்னு எங்க ஆசை."

சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்த மனைவி தலைவருக்குக் கொண்டுவந்த தண்ணீரைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"போகாதீங்க" என்றாள், தலைவர் போன பிறகு.

"போனா ஒரு வார்த்தை பேசச் சொல்லுவாங்க. எல்லார் முன்னாடியும் சொல்லிடலாம். ஓட்டுற பசங்க அத்தனை பேரும் இருப்பாங்க."

"நீங்க போங்க. எனக்கு அவங்க கைதட்டுற சத்தத்தைக் கேட்க வேண்டாம்."

பந்தயத் திடலில் மேடை போட்டிருந்தார்கள்; விழா முடிந்ததும் பந்தயம். மாதிரியாருக்கு முன்வரிசையில் நாற்காலி. தலைவர் முக்கால் மணி நேரம் பேசினார். "நம்ம உடுப்பு போட்டு இதுவரைக்கும் புகார் கொடுத்தவங்க ஒருத்தர்கூட இல்லை" என்றார். "ஒரு ஓட்டைக்கே இவ்வளவு பாதுகாப்புன்னா, ரெண்டு ஓட்டைக்கு எவ்வளவு இருக்கும், யோசிச்சுப் பாருங்க" என்றார். பிறகு சீட்டுக்காரரிடம் மைக்கைக் கொடுத்தார்.

வழியெல்லாம் பஸ்ஸில் சொல்லிச் சொல்லிப் பழகிவந்த வார்த்தைகள் மறந்துபோயின. முன்னால் நாற்பது பேர், கையில் ஆளுக்கொரு புது ஹெல்மெட்டோடு நின்றார்கள். பெரும்பாலும் பாப்பா வயசு, இரண்டு கூட, இரண்டு குறைய.

"என் பொண்ணு தலை..." என்றார். குரல் உடைந்தது. "என் பொண்ணு தலை ஐம்பத்துநாலு சென்டிமீட்டர். நான்தான் அளந்தேன்."

அதற்கு மேல் வரவில்லை. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை வாங்கினார்.

"தகப்பனார் வாயால வந்துடுச்சு. இதைவிடப் பெரிய உத்தரவு என்ன வேணும்? இன்னிக்கு முதல் நம்ம சம்மேளனத்துல 'தலை'ன்னா ஐம்பத்துநாலு சென்டிமீட்டர்! மாதிரியார் தலையை அடுத்த வாரமே செதுக்கிடலாம். செயலாளர் குறிச்சுக்குங்க."

செயலாளர் குறித்துக்கொண்டார். பலத்த கைதட்டல்.

அதற்குப் பிறகு சீட்டுக்காரர் மேடையில் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் எது வந்தாலும் விதியாகிவிடும் என்று பயமாக இருந்தது. அவரை மேஜைக்குக் கூட்டிக்கொண்டு போய் டிரில்லைக் கையில் கொடுத்தார்கள். முத்திரைக்காரர் கம்பியும் ஈயமும் எடுத்துத் தரப் பக்கத்தில் நின்றார்.

வரிசையில் முதலில் ஒரு பெண் வந்தாள். கன்னத்தில் பழைய தழும்பு. ஹெல்மெட்டை மேஜைமேல் வைத்தாள். அவர் டிரில்லைத் தொடவில்லை. ஹெல்மெட்டைத் தூக்கி, உள்ளே கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து, அவளிடமே நீட்டினார்.

"எடுத்துட்டுப் போயிடும்மா" என்றார் மெல்ல, தலைவர் காதில் விழாமல். "இதுல ஓட்டை போட்டா உடைஞ்சிடும்மா. நான் சொல்றதைக் கேளு."

அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குனிந்தாள்.

"தெரியும் அங்கிள். எங்க எல்லாருக்கும் தெரியும். இது சும்மா காட்டுறதுக்கு. ஓட்டுறதுக்கு வேற ஒண்ணு வெச்சிருக்கோம். இதுல போடுற முத்திரையைக் கழட்டி அதுல பசை போட்டு ஒட்டிக்குவோம். நம்பர் தெரிஞ்சா போதும், அவங்க வேற ஒண்ணும் பார்க்க மாட்டாங்க."

சீட்டுக்காரர் டிரில்லைப் பார்த்தார். மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

"என் பொண்ணுக்கு யாரும் சொல்லலையாம்மா?"

அந்தப் பெண்ணின் கண் நிரம்பியது. "சொன்னேன் அங்கிள். அன்னிக்குக் காலைல நான்தான் சொன்னேன். என்கிட்ட இன்னொண்ணு இருந்தது, எடுத்துக்கோன்னு குடுத்தேன். அவளும் போட்டுப் பார்த்தா. சரியாத்தான் இருந்தது. அப்புறம் கழட்டிக் குடுத்துட்டா. 'எங்கப்பா ஏழு வாரம் அலைஞ்சு வாங்கினது. கயித்துக்கு அந்தப் பக்கம் நின்னு பார்த்துட்டு இருப்பாரு. வேற ஒண்ணை மாட்டிட்டு அவர் முன்னாடி எப்படிப் போறது'ன்னா."

பின்னால் வரிசை நகராமல் நின்றது. "என்ன தாமதம்?" என்று மேடையிலிருந்து தலைவர் குரல் கொடுத்தார். "உணர்ச்சிவசப்படறார், இருக்கட்டும்" என்று செயலாளர் சமாதானம் சொன்னார்.

சீட்டுக்காரர் வெகுநேரம் அந்த ஹெல்மெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்.

"இது காட்டுறதுதானே?"

"ஆமா அங்கிள்."

டிரில்லை எடுத்து இரண்டு ஓட்டை போட்டார். முத்திரைக்காரர் கம்பி கோத்தார்.

அடுத்தவன் வந்தான். "காட்டுறதா, ஓட்டுறதா?" "காட்டுறது." இரண்டு ஓட்டை. அதற்கடுத்தவள். "காட்டுறதா?" "ஆமா." இரண்டு ஓட்டை. முத்திரைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். அவர் முகம் மாறவில்லை. பதினாலு வருஷமாக இதெல்லாம் தெரிந்தவரின் முகம். மகள் பெயர் பொறித்த ஈயத்துண்டுகள் ஒவ்வொன்றாகத் தொங்கத் தொடங்கின.

கடைசியில் ஒரு ஸ்கூல் வேன் டிரைவர். முப்பது வயசு இருக்கும், புது ஆள். பக்கத்தில் அவன் தங்கை ஹெல்மெட்டைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"காட்டுறதா, ஓட்டுறதா?"

அண்ணனுக்குப் புரியவில்லை. தங்கைதான் பதில் சொன்னாள். "ஓட்டுறதுதானுங்க. இருக்கிறதே இது ஒண்ணுதான். எங்கண்ணனுக்காக நானே பார்த்துப் பார்த்து வாங்கினது. பதினோரு கடை ஏறினேன்."

சீட்டுக்காரர் டிரில்லைக் கீழே வைத்தார். சட்டைப் பையில் எப்போதும் குத்தி வைத்திருக்கிற வளைந்த ஊசியை எடுத்தார். முதுகை மேடைப் பக்கம் திருப்பிக்கொண்டு, கம்பியின் இரண்டு நுனியையும் ஹெல்மெட் விளிம்பின் உள்துணியோடு சேர்த்துத் தைக்க ஆரம்பித்தார். ஓட்டில் ஊசி படவில்லை. வெளியே பார்த்தால் கம்பி துளைக்குள் போய் வருவது போலவே இருந்தது. முத்திரைக்காரர் பார்த்தார். அப்புறம் ஒரு அடி எடுத்து வைத்து, தலைவரின் பார்வைக்கும் மேஜைக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டு, இரண்டாவது ஈயத்தை நீட்டினார்.

தலைவர் பூதக் கண்ணாடியோடு இறங்கி வந்தார். "இதுக்குப் போட்டாச்சா?"

"போட்டாச்சுங்க" என்றார் சீட்டுக்காரர். அவர் அறிந்து சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்க வேண்டும். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

தலைவர் முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆஹா! நாற்பதுலயும் இதுதான் ஒழுங்கு. முத்திரைன்னா இப்படி இருக்கணும்."

தங்கை ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டபோது சீட்டுக்காரர் அவளிடம், "கழுத்துப் பட்டை இருந்தா சட்டைக்குள்ள போட்டுக்கச் சொல்லும்மா. மறக்காம" என்றார். அவள் எதுவும் விளங்காமல் தலையாட்டினாள்.

மாலை, பொன்னாடை, புகைப்படம் எதற்கும் அவர் நிற்கவில்லை. திடலைத் தாண்டி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். சுவர் மறைத்ததால் அங்கிருந்து ஒன்றும் தெரியவில்லை; சத்தம் மட்டும் கேட்டது. நாற்பது வண்டிகள் ஒரே சமயத்தில் உறுமிக் கிளம்பின. அவர் ஊர்ப் பக்கம் போகும் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விசில் கொடுத்தார். அடுத்த பஸ்ஸும் வந்து போயிற்று. ஒவ்வொரு சுற்றாக முடிந்து, கடைசி வண்டியின் உறுமலும் மேட்டிலிருந்து இறங்கி வந்து அணைகிற வரைக்கும் அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.